ஜொகூர்: மாறும் நிலத்துக்கு ஒரு சாட்சியம்

மலாய்த் தீபகற்பத்தின் தென்கோடியில், மேற்கே மலாக்கா நீரிணையும் கிழக்கே தென் சீனக் கடலும் தெற்கே சிங்கப்பூரைப் பிரிக்கும் குறுகிய ஜலசந்தியுமாக மூன்று புறமும் கடல் சூழக் கிடக்கும் ஜொகூர் மாநிலத்தில் காமிராவோடு பிரயாணம் செய்கிறவனுக்கு வாய்க்கும் அனுபவம் விசேஷமானது. காலையில் அடர்ந்த வனத்துக்குள் அருவியைப் படம் எடுத்தவன், அன்று பொழுது சாய்வதற்குள் கடலைத் தூர்த்து எழுப்பிய அடுக்கு மாளிகைகளின் முன் வந்து நின்றுவிடலாம். இடைப்பட்ட நெடுந்தூரமெல்லாம் சாலையின் இரு மருங்கிலும் செம்பனையே அவனுடன் கூட வரும். வனம், தோட்டம், நகரம் என்ற இம்மூன்றில் எதைப் படமாக்குவது, எதை விட்டுவிடுவது என்ற கேள்விதான் என்னை அந்த மாநிலத்தின் பாதைகளில் மறுபடி மறுபடி இழுத்துச் சென்றிருக்கிறது.

இயற்கைக் காட்சிகளைப் படம் பிடிப்பவர்களிடையே நெடுநாளாக ஒரு சம்பிரதாயம் உண்டு. மின்கம்பி குறுக்கிட்டால் ஓரடி தள்ளி நிற்பார்கள்; தகரக் கூரை தெரிந்தால் ஒரு கிளையைக் கொண்டு அதை மறைப்பார்கள்; மரம் வெட்டிய திட்டு கண்ணில் பட்டால் காமிராவை வேறு திசைக்குத் திருப்பிவிடுவார்கள். அவ்விதம் சுத்திகரித்து எடுத்த படங்களின் சௌந்தரியத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. மனிதனுடைய மனத்தைக் காட்டின்பால் திருப்பியதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் ஜொகூரைப் போன்ற ஒரு நிலத்தில் அந்த ஓரடி விலகலே ஒரு சரித்திரத்தை மறைத்துவிடுகிறது என்பதை அங்கே நடந்து நடந்துதான் நான் தெரிந்துகொண்டேன்.

அந்தச் சரித்திரம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அடுக்குகளால் ஆனது. 1844-ஆம் ஆண்டு முதற்கொண்டு ஜொகூர் ஆட்சியாளர் ஆற்றங்கரைகளைச் சீனத் தலைவர்களுக்குப் பட்டயம் எழுதிக் கொடுத்தார்கள். கங்சூ எனப்பட்ட அத்தலைவர்களின் ஆதரவில் காம்பீர் செடியும் மிளகும் பயிராயின. காம்பீர் இலையை இடைவிடாமல் காய்ச்ச விறகு வேண்டியிருந்ததால் சுற்றிலும் இருந்த காடு அடுப்புக்குப் போயிற்று. மண் சாரமிழந்ததும் குடியானவர்கள் அடுத்த ஆற்றங்கரைக்குப் பெயர்ந்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற நிலத்தில் லாலாங் புல் மண்டியது. 1877-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகளின் சந்ததி பெருகி, 1909-இல் கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் பாதையும் முடிந்த பிறகு, பாதையின் இரு புறமும் பால்மரத் தோட்டங்கள் பரவின. கங்சூ முறை 1917-இல் ஒழிக்கப்பட்டது. 1956-இல் தொடங்கிய பெல்டா குடியேற்றத் திட்டத்தின் கீழ் மேலும் காடு திருத்தப்பட்டது. ரப்பர் விலை தளர்ந்த காலத்தில் பால்மரம் சாய்ந்து செம்பனை எழுந்தது. இன்றோ, கூலாய் வட்டாரத்தில் அந்தச் செம்பனையும் சாய்க்கப்பட்டுக் கணினித் தரவு மையங்களின் ஜன்னலற்ற நீண்ட கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. இவ்வளவையும் அறிந்த பிறகு, அந்நிலத்தின் எந்தக் காட்சியையும் அது என்றுமே அப்படித்தான் இருந்தது போலப் படம் பிடிக்க மனம் ஒப்புவதில்லை.

வடமேற்கில், தங்காக் ஊருக்கு மேலே, 1,276 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் லேடாங் மலையிலிருந்து இந்தப் பிரயாணத்தைத் தொடங்குவது எனக்குப் பிடிக்கும். மலாய் மக்களின் கதைகளில் ஓர் அரசகுமாரி வாசம் செய்யும் மலை இது. ஆங்கிலேய இயற்கை ஆராய்ச்சியாளரான ஆல்பிரட் ரஸ்ஸல் வாலேஸ் 1854-இல் மலாக்காவிலிருந்து புறப்பட்டு இதன் மீது ஏறினார். பாறைச் சரிவுகளில் கண்ட அபூர்வப் பெரணிகளைப் பற்றி 1869-இல் வெளிவந்த தம்முடைய நூலில் வியந்து எழுதினார். விரல் விரித்தாற்போன்ற இலைகளையுடைய அப்பெரணி வகைகள் இன்றும் மலையின் மேற்பகுதியில் பனியில் நனைந்து நிற்கின்றன. அவற்றுக்கு அருகிலேயே தொலைத்தொடர்புக் கோபுரங்களும் நிற்கின்றன. பெரணியை மட்டும் எடுத்தால் அது வாலேஸின் மலை; கோபுரத்தை மட்டும் எடுத்தால் அது யாருடைய மலையுமல்ல. இரண்டும் ஒரே சட்டத்துக்குள் அமையும் இடத்தைத் தேடி, மேகம் விலகும் வரை காத்திருந்து எடுத்த படத்தைத்தான் லேடாங்கின் மெய்யான உருவமாக நான் பாதுகாத்து வருகிறேன்.

ஆயினும் ஜொகூரின் பூர்வ ரூபத்தைக் காண விரும்புகிறவன் எண்டாவ் ரொம்பின் வனத்துக்கே போகவேண்டும். குளுவாங்கிற்குக் கிழக்கே உள்ள கஹாங் என்னும் சிற்றூரிலிருந்து செம்மண் பாதையில், செம்பனைத் தோட்டங்களையும் மறுபடி வளர்ந்த காட்டையும் ஊடுருவி, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் சென்றால், எண்டாவ் ஆற்றங்கரையில் ஜக்குன் பழங்குடியினர் வாழும் கம்போங் பெத்தா வருகிறது. அங்கிருந்து படகு. வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் ஆறு பெருகி வழி அடைபடும். மற்ற மாதங்களில் நீர் தெளிந்து, இலைச்சாறு ஊறிய செம்பழுப்பில், பால் விடாத தேநீர் போல ஓடும்.

உப்பே குலிங் என்ற அருவியில் நீர் உயரத்திலிருந்து விழுவதில்லை. அகன்ற எரிமலைப் பாறையின் மீது பரந்து, படி படியாக இறங்குகிறது. அந்தப் பாறையில் ஆளிறங்கிக் குளிக்கத்தக்க வட்டக் குழிகள் வரிசையாக அமைந்திருக்கின்றன. வெள்ளக் காலத்தில் சுழலில் அகப்பட்ட கூழாங்கற்கள் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிப் பாறையைத் துருவியதால் விளைந்தவை அவை. குனிந்து உள்ளே கைவிட்டால் சுவர் வழுவழுப்பாக இருக்கும். அடியில், அந்த வேலையைச் செய்த கற்களே உருண்டு திரண்டு கிடக்கும். அவற்றில் ஒன்றை எடுத்து நிழலில் வைத்துப் படம் பிடித்தபோது, அருவியின் முழுத் தோற்றத்தையும் காட்டிய படத்தைவிட அந்தச் சிறு கல்லின் படமே காலத்தின் கைவேலையைத் தெளிவாகச் சொல்லிற்று. அங்கிருந்து ஜாசின் ஆற்றை ஒட்டி மேலே நடந்தால் புவாயா சங்குட் என்ற பேரருவி வரும். ஜானிங் மேட்டில், விசிறிப் பனைகளே கூரையாகக் கவிந்த ஒரு காடு வரும். அந்தப் பனை உலகத்துக்குப் புதிய இனமென்று தாவரவியலாளர் பெயரிட்டு அறிவித்தது 1987-இல்தான் என்பதை நினைத்தால், நம் தலைமுறையிலும் இந்த வனம் அறியப்படாமலே அழிந்திருக்கக்கூடும் என்ற அச்சம் எழுகிறது.

அந்த அச்சம் வெறும் கற்பனையல்ல. 1977-இல் இவ்வனத்தின் பஹாங் மாநிலப் பகுதியில் மரம் வெட்டும் உத்தரவு பிறந்தபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து அது நிறுத்தப்பட்டது. பின்னர் 1985, 1986-ஆம் ஆண்டுகளில் மலாயா இயற்கைச் சங்கத்தார் நடத்திய ஆராய்ச்சிப் பயணத்தில் விஞ்ஞானிகளும் தொண்டர்களும் இங்கே முகாமிட்டுச் செடி, கொடி, பிராணி, பாறை யாவற்றையும் பதிவு செய்தார்கள். 1993-இல் ஜொகூர்ப் பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஒரு காடு இருக்கிறது என்பதற்குச் சான்று சேர்த்தவர்கள்தான் அந்தக் காட்டைக் காத்தவர்கள். படம் எடுப்பதைப் பொழுதுபோக்காக அன்றிக் கடமையாக நினைக்க எனக்குக் கற்பித்தது இந்த நிகழ்ச்சியே.

மழைக்காட்டைப் படம் பிடிப்பது எளிதல்ல. வெளியே கொளுத்தும் வெயிலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கே தரையை வந்தடைகிறது. ஆகையால் முக்காலியில் காமிராவை நிறுத்தி, நீண்ட நேரம் ஒளிபட விடவேண்டும். அதற்குள் ஓர் இலை அசைந்தால் படம் கலங்கிவிடும். காற்றின் ஈரம் லென்ஸின் மேல் ஆவியாய்ப் படியும். மரத்தின் பலகை வேர்களை அடக்கினால் உச்சி அடங்காது. உச்சியை அடக்கினால் மரத்தின் ஆகிருதியே சிறுத்துப்போகும். பூமத்திய ரேகைக்கு வெகு அருகில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக எழுந்து செங்குத்தாகவே இறங்குகிறது. தொலை வடக்கு நாடுகளின் புகைப்படக்காரர்கள் நம்பியிருக்கும் சாய்ந்த பொன்னொளி இங்கே சற்றுநேரமே நின்று மறைந்துவிடும். இவையெல்லாம் பழக்கத்தால் கைவரக்கூடிய இடர்ப்பாடுகள். கைவராத இடர்ப்பாடு வேறொன்று இருக்கிறது.

இந்தக் காட்டில் ஒரு காலத்தில் சுமாத்ரா காண்டாமிருகம் உலவியது. இக்காட்டைப் பாதுகாக்கவேண்டும் என்று அறிஞர்கள் வாதிட்டபோது முதலில் எடுத்துக்காட்டிய காரணங்களில் அதுவும் ஒன்று. தீபகற்பத்தில் அது முற்றிலும் அற்றுப்போயிற்று. மலேசியாவின் கடைசிப் பெண் காண்டாமிருகமான ஈமான் 2019 நவம்பரில் சபாவில் மாண்டது. மலாயாப் புலியும் நாடு முழுவதும் காட்டில் 150-க்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. ஆனால் காண்டாமிருகம் அற்றுப்போன காடு, படத்தில், அது வாழ்ந்த காட்டைப் போலவே தோன்றுகிறது: அதே இலை, அதே நிழல், அதே ஆறு. இருப்பதைத்தான் லென்ஸ் காட்டும். இல்லாமற்போனதைக் காட்டும் சக்தி அதற்கு இல்லை. அந்தக் குறையை நிறைவு செய்ய எழுத்தின் துணை வேண்டும். இதை உணர்ந்தது முதல் நான் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் இடம், தேதி, அவ்விடத்தில் முன்பு இருந்தது என்ன என்ற மூன்றையும் எழுதி வைக்கிறேன்.

வனத்தை விட்டுத் தெற்கே திரும்பினால் கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்து நிற்கும்போது பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் கண்ட உண்மையை நம்மவர் வெயிலைப் பற்றிய செய்தியாக மட்டுமே எண்ணிப் பழகியிருக்கிறோம். பசுமை மாறாமலே ஒரு நிலம் தன் இயல்பில் திரியக்கூடும் என்பதை ஜொகூரில் நான் பிரத்தியட்சமாகக் கண்டேன். ஏறக்குறைய ஒன்பது மீட்டர் இடைவெளியில் அணி அணியாக நிற்கும் அம்மரங்கள் இருபத்தைந்து ஆண்டுகள் அளவில் சாய்க்கப்பட்டு, புதிய கன்றுகள் நடப்படுகின்றன. மறுநடவுக் காலத்தில், சாய்ந்த அடிமரங்கள் குன்றின் சரிவெங்கும் சிதறிக் கிடக்க, செம்மண் திறந்து கிடக்கும் அந்தச் சில மாதங்களில்தான் நிலத்தின் மெய்யான மேடு பள்ளங்களும், மூடப்பட்டுக் கிடந்த பழைய தடங்களும் வெளிப்படுகின்றன. பலர் முகம் சுளித்துக் கடந்துபோகும் அந்தக் காட்சியை நான் விரும்பித் தேடிப் போவேன்.

அப்படி ஒரு மறுநடவு நிலத்தில்தான், ரெங்கம் வட்டாரத்தில், ஒரு சிறிய மாரியம்மன் கோயிலைக் கண்டேன். பக்கத்தில் ஒரு வேப்பமரம். சற்றுத் தள்ளி, பெயர்த்தெடுக்கப்பட்ட தொழிலாளர் லயத்து வீடுகளின் சிமெண்டுத் தளம், புல்லுக்கிடையே கோடு போட்டாற்போல. காமிராவை நிறுத்திக்கொண்டிருந்தபோது, வெள்ளிக்கிழமை விளக்குப் போட வந்திருந்த மூதாட்டி ஒருவர் அருகில் வந்தார்.

“என்னத்தப் படம் எடுக்கிறீங்க தம்பி? இங்கதான் ஒண்ணுமே இல்லியே!”

“இருந்ததை நீங்க சொல்லுங்க பாட்டி, நான் எழுதிக்கிறேன்” என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு கையை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினார். “இதுதான் பெரட்டுக் களம். விடியறதுக்கு முந்தி இங்க வந்து பேர் குடுக்கணும். அதோ, அந்தக் கன்னு நிக்குதே, அங்கதான் பால் நிறுக்கிற ஸ்டோரு. நாங்க மங்கு கழுவுறது, உளி தீட்டுறது எல்லாம் இந்த மேட்டுல. அந்தப் பள்ளத்துல எங்க பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் இருந்திச்சு.” அவர் விரல் சுட்டிய இடமெல்லாம் செம்மண்ணும் பனங்கன்றுகளுமே இருந்தன, ஆனால் அவர் சொல்லி முடித்தபோது, அந்த வெற்று நிலம் எனக்கு ஒரு முழு ஊராகத் தெரிந்தது. அவர் காட்டிய திசைகளிலெல்லாம் காமிராவைத் திருப்பி எடுத்தேன். அவர் சொன்னபடியே ஒவ்வொரு படத்துக்கும் பெயர் எழுதினேன்.

காடாக இருந்த இந்த நிலத்தைத் தோட்டமாக்கியவர்களில் பலர் கங்காணிகள் அழைத்துவந்த நம் முன்னோர். கூலியாக ஆள் கொண்டுவருவதை இந்திய அரசாங்கம் 1938-இல் தடுத்து நிறுத்தும் வரையில், தலைமுறை தலைமுறையாகத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் மரம் சாய்த்து, மேடு திருத்தி, பால்மரம் நட்டு, வெயிலேறுவதற்கு முன் பால் வெட்டினார்கள். அவர்கள் பட்ட பாட்டைப் போற்றுகிற நாம், அந்தப் பாட்டினால் ஒரு மாபெரும் வனம் மறைந்ததையும் சேர்த்தே நினைக்கவேண்டும். இரண்டும் ஒரே கைகளின் வரலாறு. ஆனால் அவர்களிடம் காமிரா இல்லை. பழைய தோட்டப் படங்கள் பெரும்பாலும் முதலாளிகளின் கண் கொண்டு எடுக்கப்பட்டவை: பங்களா, புல்வெளி, ஒழுங்காக நிற்கும் மரங்கள், தூரத்தில் பெயரில்லாத உருவங்கள்.

தமிழரிடையே காமிராவைக் கையிலெடுத்துக் கடல் கடந்த முன்னோடி ஏ. கே. செட்டியார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்ற அவர், மகாத்மா காந்தியைப் பற்றிய தம் ஆவணப் படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்து பிறர் எடுத்துவைத்த படச்சுருள்களைச் சேகரித்து, 1940-இல் அதை முடித்தார். சிதறிக் கிடந்த சான்றுகளைத் திரட்டிய அந்த உழைப்பில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. புதிதாக எடுப்பது எவ்வளவு முக்கியமோ, எங்கோ ஒரு பெட்டிக்குள் மங்கிக்கொண்டிருக்கும் படத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதில் இருப்பது இன்னதென்று நிச்சயம் செய்து பேணுவதும் அவ்வளவு முக்கியம். ஜொகூரின் தோட்டப்புறம் அப்படி ஒருவருக்காக இன்னும் காத்திருக்கிறது.

பொந்தியானைத் தாண்டித் தெற்கே சென்றால் ஆசியப் பெருநிலத்தின் தென்முனையான தஞ்சோங் பியாய். அங்கே நிலம் முடிகிற இடத்தில் பாறையும் இல்லை, மணலும் இல்லை, அலையாத்திக் காடு. பிச்சாவரத்தைக் கண்டவர்களுக்கு அதன் வேர்க்கால்கள் அந்நியமாகத் தோன்றா. நீர் வற்றும் வேளையில் மரப்பாலத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தால், சேற்றிலிருந்து நிமிர்ந்து நிற்கும் சுவாச வேர்களுக்கிடையே, துடுப்புகளை ஊன்றித் தவழும் சேற்று மீன் ஒன்று தன் வளைக்கு வெளியே வந்து, கண்களை உருட்டிப் பார்த்து, முதுகுத் துடுப்பை விரித்து மடக்குவதைக் காணலாம். அந்த மீனின் பின்னணியில், கடலில், மலாக்கா நீரிணையின் பெருங்கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும். 2003 ஜனவரியில் தஞ்சோங் பியாயும், அருகிலுள்ள குக்கூப் தீவும், பூலாய் ஆற்று முகத்துவாரமும் ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களாக ஏற்கப்பட்டன. எனினும் முனையின் விளிம்பில் அலை மண்ணைத் தின்றுகொண்டே இருக்கிறது. வேரோடு சாய்ந்த மரங்கள் கரையில் கிடக்கின்றன. கரையைக் காக்க எழுப்பிய அலைதடுப்புகள் நீருக்குள் தெரிகின்றன. நில வரைபடத்தில் திடமாக வரையப்பட்ட கோடு இங்கே அலைக்கு அலை நகர்கிறது.

பூலாய் ஆற்றின் வாய்க்கு அப்பால், மெராம்போங் திட்டில், தீபகற்ப மலேசியாவின் மிகப் பரந்த கடற்புல் வெளி இருக்கிறது. நீர் இறங்கும் நாட்களில் அது கடலிலிருந்து பசுமையாக வெளிப்படும். கடற்குதிரைகளும், கடற்பசுக்களின் மேய்ச்சல் தடங்களும் அங்கே அறியப்பட்டவை. நம் பாக் விரிகுடாவில் அதே கடற்பசுக்காகத் தமிழ்நாட்டு அரசு 2022-இல் 448 சதுர கிலோமீட்டர்ப் பரப்பைக் காப்பகமாக அறிவித்தது. மெராம்போங்கிலோ, 2014-இல் ஃபாரஸ்ட் சிட்டி என்னும் நகரத்துக்காகக் கடலைத் தூர்க்கும் பணி தொடங்கியபோது, மணலால் போட்ட பாதை அந்தக் கடற்புல் வெளியை ஊடறுத்துச் சென்றது, மீனவர்கள் முறையிட்டார்கள், சுற்றுச்சூழல் ஆய்வுக்காகப் பணி இடையில் நிறுத்தப்பட்டு, பிறகு தொடர்ந்தது. இன்று அங்கே மாலைப் பொழுதில் நின்றால், தோட்டங்கள் தொங்கும் உயர்ந்த மாளிகைகளில் விளக்கில்லாத ஜன்னல்களே மிகுதி. அந்த மாளிகைகளை அழகாகவும் படம் எடுக்கலாம், அவலமாகவும் எடுக்கலாம். கடற்புல் வெளி தெரியும் தாழ்நீர் வேளையில், புல்லும் மாளிகையும் ஒருங்கே அமையும்படி நின்று எடுத்தால் மட்டுமே நியாயமாகப் படுகிறது. தீர்ப்புச் சொல்வது என் காமிராவின் வேலையல்ல. தீர்ப்புச் சொல்லப் போகிறவர்களுக்குப் பொய் கலவாத பிரமாணத்தை வைத்துவிட்டுப் போவது அதன் வேலை.

ஆகவே, வனத்தின் கம்பீரத்தைப் படம் பிடிப்பதும், அது இழந்ததைப் பதிவு செய்வதும் இரு வேறு கலைகள் என்று நான் இப்போது கருதுவதில்லை. எண்டாவின் அருவியையும் ரெங்கத்தின் வெற்றுச் செம்மண்ணையும் ஒரே சிரத்தையோடு, ஒரே அளவு காத்திருந்து எடுக்கவேண்டும். ஒரே இடத்தில், ஒரே திசையை நோக்கி, ஆண்டுகள் கடந்து மறுபடி எடுக்கவேண்டும்; முதல் படத்தில் அற்பமாகத் தோன்றிய ஒரு வேலியோ பாதையோ இரண்டாவது படத்தில்தான் தன் பொருளை வெளிப்படுத்தும். காடு அறிந்த ஜக்குன் பெரியவரையும், தோட்டம் அறிந்த மூதாட்டியையும், கடல் அறிந்த மீனவரையும் கேட்டு எழுதாத படம் பாதிப் படமே.

இதற்குப் பெரிய காமிராவும் வேண்டியதில்லை, கைத்தொலைபேசி போதும். ஜொகூரிலும் பிற இடங்களிலும் தோட்டப்புறத்தில் பிறந்து நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்ட நம் பிள்ளைகள், தீபாவளிக்கோ திருவிழாவுக்கோ பழைய இடத்துக்குப் போகும்போது, தாத்தா பாட்டியை அழைத்துக்கொண்டு போகட்டும். அவர்கள் விரல் நீட்டும் இடத்தையெல்லாம் படம் எடுக்கட்டும். தோட்டத்தின் பெயர், தேதி, அவ்விடத்தில் நின்றது லயமா, பள்ளியா, பால்மரமா, அதற்கும் முன்பு என்ன காடு என்பதை அன்றே எழுதி வைக்கட்டும். அலமாரியில் பழைய படங்கள் இருந்தால், அவற்றின் பின்புறத்தில் பெயர் எழுத இன்னும் ஆள் இருக்கும்போதே எழுதிவிடட்டும். நிலம் இன்னும் பல முறை மாறும். அதைத் தடுக்க நம்மால் சில சமயம் முடியும், பல சமயம் முடியாது. ஆனால் மாறியதை மாறியபடியே, மறைக்காமல், பெயரோடும் தேதியோடும் அடுத்த தலைமுறைக்கு ஒப்படைப்பது முற்றிலும் நம் கையில் இருக்கிறது. அந்த ஒன்றையாவது நாம் குறைவறச் செய்யவேண்டும்.